வைத்தியலிங்கத்தின் ஏழு தவலை

என் அக்கா சாவித்திரியைக் கட்டிக்கொண்ட வைத்தியலிங்கம் அத்தான் ஒரு ஆராய்ச்சியாளர். அப்படிச் சொல்லிக்கொள்வது அவர்தான், நானில்லை. திருப்பனந்தாள் பக்கம் ஒரு கூட்டுறவுச் சங்கத்தில் உர மூட்டைகளுக்குக் காவல் உட்கார்ந்து ஓய்வு பெற்றவர், புதையல் கதைகளில் உண்மை எது, புளுகு எது என்று பிரித்துச் சொல்ல ஒரு வாட்ஸ்அப் குழு தொடங்கினார். சேர்ந்தவர்கள் எல்லாம் வேலைவெட்டி இல்லாதவர்கள். அவருக்கு அது அறிஞர் சபை.

எங்கள் ஊரிலும் ஒரு கதை உண்டு. ஏதோ படையெடுப்புக்குப் பயந்து ஓடிய மிராசுதார் ஒருவர் ஏழு தவலை நிறையப் பொன்னை வயலில் புதைத்தாராம். ஐந்து தலை நாகம் காவலாம். பௌர்ணமிக்குக் கொலுசுச் சத்தம் கேட்குமாம். அந்த வயல் அக்காவுக்கு எங்கள் அப்பா எழுதிவைத்த மூன்று மா, அதாவது ஒரு ஏக்கர் நிலம்தான் என்று டீக்கடையில் முடிவாகியிருந்தது. அதன் வடகிழக்கு மூலையை யாரும் உழுவதில்லை, அதுதான் சாட்சி. அக்கா வீட்டில் உலை கொதிப்பது அந்த மூன்று மாவில் விளையும் நெல்லால்தான்.

அத்தான் ஆராய்ந்தார். நாகம் அறிவியலுக்கு ஒத்துவராது என்று தள்ளினார். கொலுசையும் தள்ளினார். மிச்சமிருந்த தவலைகளை உண்மை என்று அறிவித்தார். பிடிக்காததைக் கழித்துவிட்டால் பிடித்தது உண்மையாகிவிடும் என்று இந்த மனிதருக்கு யார் சொல்லிக்கொடுத்தார்களோ தெரியவில்லை. ஏன் ஏழு, ஆறாக இருக்கக்கூடாதா என்று கேட்டேன்.

"ஆறுன்னு யாருமே சொல்லலையே மாப்ள" என்றார்.

தாராசுரம் கோயிலில் ஒரு சிற்பத்தின் விரல் எங்கள் ஊர்ப் பக்கம் நீண்டிருப்பதைக் கண்டுபிடித்து வந்தார். மிராசுதார் ஓடிய வழி அதுதான் என்று முத்துப்பேட்டைக்குப் போய் மூஸா என்ற கடைக்காரரைப் பேட்டி எடுத்தார். அவர் எங்கள் ஊர்ப் பேரையே கேள்விப்பட்டதில்லை. ரகசியம் காக்கிறார் என்று அதையும் ஆதாரத்தில் சேர்த்துக்கொண்டார்.

கட்டிய மனைவியை மட்டும் கேட்கவில்லை. அக்கா தானாகவே சொன்னாள். அந்த மூலையில் செங்கல் வைத்துக் கட்டிய கேணி ஒன்று இருந்தது. அது சரிந்ததும் அப்பா தூர்த்தார். மேலே குளத்துக் களிமண்ணைக் கொட்டி மாடுகளை விட்டு மிதிக்கவைத்தார். டிராக்டர் இறங்கினால் புதையும் என்று அந்த மூலையை உழாமல் விட்டார். சின்னப் பெண்ணாக இருந்த அவளும் அதில் நின்று மிதித்திருக்கிறாள்.

அத்தான் பெரிய மனசோடு கேட்டுக்கொண்டார். "வாய்மொழியா வர்றத ஆதாரமா எடுத்துக்க முடியாது சாவித்திரி" என்றார். டீக்கடையில் கேட்டதெல்லாம் கல்வெட்டு போலும்.

வைகாசியில் அக்கா ஒரு கல்யாணத்துக்குக் கும்பகோணம் போயிருந்தபோது வயலில் பொக்லைனை இறக்கினார். ஆளுயரப் பள்ளத்தில் செங்கல் வட்டம் தெரிந்தது. நிலவறை என்று குழுவுக்குப் படம் அனுப்பிவிட்டு, வாசலைத் தேடி நான்கு பக்கமும் வெட்டச் சொன்னார். மணல் வந்தது. அதற்குக் கீழேயும் மணல்தான்.

அந்த மணலுக்கு மேலே களி அடைத்துக்கொண்டிருப்பதால்தான் எங்கள் ஊர் வயல்களில் தண்ணீர் நிற்கிறது. இது வரப்பில் ஒரு நாள் நடந்தவனுக்கும் தெரியும். ஆனியில் வாய்க்காலில் தண்ணீர் வந்தது. பக்கத்து வயல்கள் நிறைந்து நின்றன. அக்கா வயலில் மாலையில் பாய்ச்சியது விடிவதற்குள் இறங்கிப் போயிருந்தது. வெட்டிய பள்ளத்தைச் சுற்றி வரப்புப் போட்டும் பார்த்தாள். அடியில் கசிந்து ஓடியது. நாற்றங்காலில் நாற்று நட வழியில்லாமல் முற்றி மஞ்சளாகிக்கொண்டிருந்தது. எனக்கு ஆத்திரத்தில் அழுகை வந்தது.

காய்ந்து கிடந்த வயலைப் பார்த்து ஊர் புதுக் கதை கட்டியது. தவலை கிடைத்துவிட்டது, அதனால்தான் நடவு இல்லை. பள்ளத்தை அடைக்க ஒத்தாசை கேட்டுப் போன அக்காவிடம், "ஒங்களுக்கென்னங்க, இனிமே சேத்துல எறங்கணுமா?" என்று கேட்டுச் சிரித்தார்கள். அத்தான் ஒரு வார்த்தை மறுத்தாரா? டீக்கடையில் உட்கார்ந்து புன்னகை பூத்தார். வாழ்நாளில் அவருக்கு யாரும் பெஞ்சில் நகர்ந்து இடம் விட்டதில்லை. இப்போது விட்டார்கள். பெண்டாட்டி சோற்றில் மண்ணைப் போட்டு வாங்கிய பெஞ்சு.

அக்கா சண்டை போடவில்லை. மண்வெட்டியையும் கூடையையும் எடுத்து அவர் முன்னால் வைத்தாள். "கொளத்துல களி கெடக்கு. எங்கப்பா செஞ்ச மாதிரியே செய்யுங்க. முடியிற வரைக்கும் அந்த டீக்கடையிலயே சாப்புட்டுக்குங்க."

பன்னும் டீயும் அலுத்ததும் ஆராய்ச்சியாளர் கூடையைத் தூக்கினார். கொட்டுகிறார், ஏறி நின்று மிதிக்கிறார், மறுபடி குளத்துக்குப் போகிறார். சாலையில் போகிறவர்கள் வண்டியை நிறுத்தி வேடிக்கை பார்க்கிறார்கள். எடுத்ததில் பாதியைத் திரும்பப் புதைக்கிறார் என்பது இப்போதைய கதை. ஊரைக் கூட்டி உண்மையைச் சொல்லிவிடட்டுமா என்று அக்காவிடம் கேட்டேன்.

"வேணாம்டா. நாலு பேரு பாக்குறாங்கன்னாத்தான் ஒங்க அத்தான் நல்லா மிதிப்பாரு" என்றாள். "குறுவை நடவு போச்சு. அடுத்து வர்ற சம்பாவுக்காவது தண்ணி நிக்கணும்."