வெங்காயம் உரிக்க வந்த சந்தோஷம்

கர்த்தருக்குள் பிரியமானவர்களே, என் பெயர் எஸ்தர். பள்ளிவாசல் என்கிற மலையூர்ப் பக்கம் ஒரு எஸ்டேட்டில் தேயிலைக் கொழுந்து எடுக்கிறேன். போன வருஷம் ஜூன் மாதம், ஃபேக்டரி வேலைக்குக் கிளம்பிய என் வீட்டுக்காரர் தங்கராஜ் வாசற்படியிலேயே சரிந்து விழுந்தார். பக்கவாதம். வலது கையும் காலும் விழுந்துவிட்டன. உயிர் தப்பியது. ஆனால் ஆஸ்பத்திரியிலிருந்து திரும்பி வந்தவர் நான் அறிந்த மனுஷராக இல்லை.

அவர் வாயை மூடினால்தான் ஆச்சரியம் என்று ஃபேக்டரியில் சொல்வார்கள். அப்படிப்பட்டவர் சுவரைப் பார்த்துப் படுத்தார். பேச்சு குழறியது, அந்த வெட்கத்தில் பேசுவதையே விட்டுவிட்டார். பயிற்சி சொல்லித்தர வந்த மலையாளத்துப் பெண், "சேச்சி, மருந்து மாத்திரம் போரா, போதாது. சேட்டன் மனசு வச்சு கைய அசைக்கணும். இல்லேன்னா இறுகிப்போகும்" என்று சொல்லிவிட்டுப் போனாள். அவர் மனசு வைக்கவில்லை. நான் கையைப் பிடித்தால் தட்டிவிடுவார்.

சபையார் ஜெபிக்க வருவார்கள். எங்கள் ஜனத்துக்கு நோயாளியைக் கண்டாலே கண்ணீர் பொத்துக்கொண்டு வரும். கட்டிலைச் சுற்றி நின்று அழுது ஜெபித்துவிட்டு, வெளியே செருப்பு மாட்டும்போது "பாவம்" என்பார்கள். அதுவும் அவர் காதில் விழும். நானும் லேசுப்பட்டவள் இல்லை. பாட்டை நிறுத்தினேன், டிவியை நிறுத்தினேன், பக்கத்து வீட்டுக்காரர்களையும் மெதுவாகப் பேசச் சொன்னேன். இழவு வீடு தோற்றுப்போகும்.

அக்டோபரில் எங்கள் சபைக் கோயிலின் அசனம் வந்தது. வீட்டுக்கு வீடு உலை வைக்கும்போது எடுத்துவைக்கிற பிடி அரிசியைச் சேர்த்துச் சமைத்து, சபை முழுவதும் ஒன்றாக உட்கார்ந்து சாப்பிடுகிற நாள். முந்தின நாள் அடித்த மழையில் கோயில் கொட்டகைக்குள் தண்ணீர் புகுந்துவிட்டது. கோயிலுக்கு அடுத்த லயத்தில், தொழிலாளர் வீட்டு வரிசையில், எங்கள் வீடு. பெண்கள் ஐக்கியத்தை நடத்துகிற ரூத் அக்கா சின்ன வெங்காய மூட்டையோடு வாசலில் வந்து நின்றார்.

"எஸ்தரு, ஒன் வீட்டுல வச்சு உரிச்சுக்கிடுதோம். சத்தம் போட மாட்டோம்."

எனக்கு எரிச்சலாக வந்தது. அன்று காலையில்தான் தேயிலைக்காட்டில் நின்று, "ஆண்டவரே, என்னால் இனி முடியாது. எப்படியாவது அவரை எழுப்பும்" என்று கதறியிருந்தேன். கேட்டதற்கு வெங்காய மூட்டையா வரும்? ஆனாலும் கோயில் காரியம். உள்ளே விட்டேன்.

கட்டில் கிடந்த அதே அறையில் பெண்கள் நெருக்கியடித்து உட்கார்ந்து, சொன்னபடியே வாயைத் திறக்காமல் உரித்தார்கள். கொஞ்ச நேரத்தில் எல்லார் கண்ணும் கலங்கியது. மூக்கை உறிஞ்சுகிறார்கள், முந்தானையால் துடைக்கிறார்கள். சத்தம் கேட்டு அவர் திரும்பினார். படுத்திருந்தவருக்கு அழுகிற முகங்கள் தெரிந்தனவே தவிர தரையில் கிடந்த வெங்காயம் தெரியவில்லை. ஜலதோஷம் வேறு, வாடையும் எட்டவில்லை.

"என்னத்துக்கு... எல்லாரும் இப்படி அழுறீய? நா என்ன செத்தா போயிட்டேன்?"

குழறலாகத்தான் வந்தது. ஆனால் நல்ல கோபத்தோடு வந்தது. ரூத் அக்கா கை நிறைய வெங்காயத்தை அள்ளிக் காட்டினார்.

"ஒமக்கா அழுதோம்? அசனத்துக்கு வெங்காயம் உரிக்கோம்யா!"

முதலில் சிரித்தவர் என் வீட்டுக்காரர்தான். கோணிய வாயோடு, தோள் குலுங்கச் சிரித்தார். பிறகு வீடே சிரித்தது. நான் அடுப்படிக்கு ஓடிப்போய் வெங்காயம் இல்லாமலே அழுதேன்.

திரும்பி வந்தால், "எனக்கும் தாங்க" என்று கேட்டு, எழுந்து சாய்ந்து உட்கார்ந்திருந்தார். இடது கையில் வெங்காயம் வழுக்கியது. அதை அமுக்கிப் பிடிக்க வலது கையை அவரே இழுத்து மேலே வைத்தார். விரல் ஒன்று லேசாக அசைந்தது. நான் பார்த்தேன். அவரும் பார்த்தார்.

மறுநாள் நாற்காலியோடு தூக்கிப்போய் அசனத்தில் உட்காரவைத்தோம். அன்றிலிருந்து பயிற்சிக்கு அவரே என்னைக் கூப்பிட்டார். நான் பாட, அவர் கையைத் தூக்குவார். என் பாட்டைக் கேட்பதைவிடக் கையைத் தூக்குவதே லேசு என்பார். இன்று ஊன்றுகோலோடு கோயிலுக்கு நடக்கிறார். வலது கை முழுதாக வரவில்லை. டீ தம்ளர் பிடிக்கும், சட்டைப் பொத்தானுக்கு இன்னும் நான் வேண்டும். ஆண்டவருக்கு ஸ்தோத்திரம்.

நான் அவரை எழுப்பக் கேட்டேன். ஆண்டவர் முதலில் சிரிப்பைக் கொடுத்தார். பெலன் அதன் பின்னால் வந்தது. கஷ்டத்தில் இருக்கிறவர்களே, அழுது ஜெபியுங்கள், வேண்டாம் என்று சொல்லவில்லை. ஆனால் நடுவில் ஒரு சந்தோஷம் உங்கள் வாசலில் வந்து நின்றால், இதுவா நேரம் என்று திருப்பி அனுப்பிவிடாதீர்கள். நீங்கள் கேட்டதைக் கொண்டுவந்திருப்பது அதுவாகவே இருக்கலாம்.