மூன்றாவது ஆள் எங்கே?

சுதந்திரம் வந்து நாலைந்து வருஷம் ஆகியிருக்கும். தஞ்சாவூர்ப் பக்கத்திலிருந்து வந்து ராயபுரத்தில் குமாஸ்தாவாக இருந்தேன். பறவைப் பித்துப் பிடித்த ஆபீஸ் நண்பர் ஒருவர் அதை எனக்கும் ஒட்டவைத்திருந்தார். ஒரு மார்கழி ஞாயிற்றுக்கிழமை, மூர் மார்க்கெட்டில் வாங்கிய பழைய பட்டாளத்து பைனாகுலரோடு எண்ணூர் நெட்டுக்குப்பத்துக்குத் தனியாகக் கிளம்பினேன். நண்பர், "காற்று பலமாக இருக்கிறது" என்று போர்த்திக்கொண்டு படுத்துவிட்டார். விவரமானவர்.

காற்றென்றால் அப்படியொரு காற்று. வேட்டியைப் பிடித்தால் பைனாகுலர் ஆடுகிறது; பைனாகுலரைப் பிடித்தால் மானம் ஆடுகிறது. ஒரு மணல்மேட்டில் உட்கார்ந்து, வேட்டியை முழங்கால்களுக்கு நடுவே இடுக்கிக்கொண்டு கடலைப் பார்த்தேன்.

குப்பத்துப் பெண் ஒருத்தி பக்கத்தில் வந்து நின்றாள். "நைனா, மரம் எதுனா தெரியுதா பாரேன்" என்றாள்.

நான் பொறுப்பாகச் சுற்றிலும் பார்த்து, "அந்தப் பக்கம் ஒரு பனைமரம் தெரியுதும்மா" என்றேன்.

அவள் என்னை மேலும் கீழும் பார்த்தாள். கட்டுமரத்தை அங்கே வெறும் 'மரம்' என்பார்கள் என்றோ, விடியலில் கடலுக்குப் போன அவள் புருஷனும் கொழுந்தனும் இன்னும் கரை சேரவில்லை என்றோ எனக்கு எப்படித் தெரியும்?

அந்த நேரம் பார்த்து வடக்கே அலைக்கு மேல் மூன்று வெள்ளைப் பறவைகள். கூரான சிறகு, பிளந்த வால். நண்பர் சொல்லித்தந்த அதே ஆலா! சந்தோஷத்தில், "ஆலா! ஆலா!" என்று கத்திவிட்டேன்.

"ஆளா?"

"ஆமாம், ஆலாதான்! மூணு!"

"எங்க நைனா?"

"அதோ, வடக்கே. அடடா, ஒண்ணு தலைகுப்புறத் தண்ணிக்குள்ள விழுந்துடுச்சு! என்ன அழகு!"

அவள் போட்ட கூச்சலில் குப்பமே ஓடிவந்தது. "மூணு ஆளு தண்ணில கீறாங்கோ! இந்த நைனா பாத்துட்டாரு!" ஆண்கள் இரண்டு கட்டுமரங்களை அலைக்குள் தள்ளிக்கொண்டு போனார்கள். காற்றில் பாதிதான் என் காதில் விழுந்தது; யாரோ முழுகுகிறார்களாம் என்று நானும் பதறி எழுந்து பைனாகுலரில் தேடினேன். அந்தப் பறவைகள் வேறு குறுக்கே குறுக்கே வந்தன. எரிச்சலாக இருந்தது.

வடக்கே போனவர்கள், அதற்கும் அப்பால், பாய்மரம் ஒடிந்து அலைந்துகொண்டிருந்த கட்டுமரத்தைக் கண்டார்கள். அதைக் கட்டிப்பிடித்தபடி இரண்டு பேர். கரைக்குக் கொண்டுவந்ததும் அந்தப் பெண் புருஷன் மேல் விழுந்து அழுதாள். எனக்கும் கண் கலங்கியது.

அப்போது ஒரு பெரியவர் என் தோளைத் தொட்டார். "மூணு ஆளுன்னியே நைனா, இன்னொரு ஆளு எங்க?"

"நான் எப்போ சொன்னேன்?"

"நாங்க ரெண்டு பேருதான் போனோம்" என்றான் புருஷன், பல் கிட்டிக்க. "வேற மரத்து ஆளு போல கீது. பாவம்." சொல்லிவிட்டு, அந்த நடுக்கத்தோடு அவனே மறுபடி கடலை நோக்கி நடந்தான். அவன் முழங்கால் தண்ணீரில் இறங்கிய பிறகுதான் என் மண்டையில் ஏறியது.

"போகாதீங்க! நான் சொன்னது ஆலா! அது பறவை!"

"எது? மூணாவதா?" என்றார் பெரியவர்.

"மூணுமே!"

அலைக்கு மேல் இன்னும் வட்டமடித்த வெள்ளைப் பறவைகளைக் காட்டினேன். பெரியவர் நிதானமாக, "அத்த நாங்க கடக்காக்கான்னு சொல்லுவோம்பா" என்றார்.

அந்தப் பெண் மணலை வாரிக்கொண்டு என்னிடம் வந்தாள். "சாவ பாத்தவன திரும்ப தண்ணில எறக்கப் பாத்தியே, பாவி!" என்று மணலை என் மேல் எறிந்தாள். அடுத்த நொடியே கையெடுத்துக் கும்பிட்டாள். பிறகு அவளுக்கே எது சரி என்று தெரியாமல், வாயைப் பொத்திக்கொண்டு சிரிக்க ஆரம்பித்தாள். திட்டுக்கு மன்னிப்புக் கேட்பதா, கும்பிட்டதற்குக் கும்பிடுவதா என்று தெரியாமல் நான் வேட்டியைப் பிடித்துக்கொண்டு நின்றேன்.

இரண்டு உயிர் பிழைத்ததில் என் பங்கு என்ன என்று இன்றுவரை பிடிபடவில்லை. யாராவது எனக்கு நன்றி சொல்ல வந்தால் மட்டும், இவர் காதில் என்ன விழுந்து தொலைத்ததோ என்று முதலில் பயம்தான் வருகிறது.