நாலு மணிப் பர்மிஷன்

நாற்பத்தாறு வயதில் ஸ்கூட்டர் பழகுகிறவனுக்கு வெளிச்சம் வேண்டும், ஆளில்லாத ரோடு வேண்டும், பொறுமையான வாத்தியார் வேண்டும். முதல் இரண்டும் அண்ணாமலை நகரில் சாயங்காலம் ஆறு மணி வரை கிடைக்கும். மூன்றாவது என் மனைவி; வெள்ளிதோறும் பாடம் என்று ஏற்பாடு. மூன்று வெள்ளிக்கிழமைகளாக நான் கடலூர் ஆபீஸிலிருந்து வந்து இறங்கும்போதே இருட்டிவிட்டதால், அவளிடமிருந்த பொறுமையும் தீர்ந்துவிட்டது. நான்காவது வெள்ளி காலையில் சொல்லிவிட்டாள்: "இன்னிக்கும் லேட்டா வந்தீங்க, அவ்ளோதான். கடைசி வரைக்கும் ஷேர் ஆட்டோலயே போங்க."

அலுவலகத்தில் அன்று ஊழியர்களின் பணிமூப்புப் பட்டியலை முடித்தாக வேண்டும். முடித்துக் கொடுத்தால் நாலு மணிக்குப் பர்மிஷன் என்று சூப்பிரண்டு சொல்லியிருந்தார். குறுக்கே நின்றது ஒரே ஆள்தான்: பக்கத்து செக்‌ஷன் மச்சான்.

உறவெல்லாம் இல்லை. என்னைவிட இரண்டு வயது மூத்தவர், ஆனாலும் என்னை மாமா என்பார். தினமும் டீ டம்ளரோடு வந்து, "ஒரே நிமிசம் மாமா" என்று உட்காருவார். டீ ஆறிப்போகும், நிமிஷம் முடியாது. நாற்காலியை ஒளித்து வைத்துப் பார்த்தேன். ஃபைல் கட்டின்மேல் உட்கார்ந்தார், அது இன்னும் வசதியாம். போனைக் காதில் வைத்து "சரிங்க சார், சரிங்க சார்" என்று நடித்தேன். காதிலேயே அது மணியடித்தது. "எடுங்க மாமா, நெசமாவே யாரோ கூப்புடுறாங்க" என்றார்.

டைப் செய்த பட்டியலைப் பழைய பதிவேட்டோடு ஒத்துப் பார்க்க இரண்டு பேர் வேண்டும். ஒருவர் படிக்க, ஒருவர் டிக் அடிக்க. வழக்கமாகப் படிக்கிற எங்கள் செக்‌ஷன் அம்மா அன்று லீவு. தலையில் கை வைத்து உட்கார்ந்திருந்தபோது டம்ளர் வந்தது.

"மாமா, ஒரு சமாச்சாரம்..."

பதிவேட்டை அவர் மடியில் வைத்தேன். "படிங்க மச்சான்."

ஓடிவிடுவார் என்றுதான் நினைத்தேன். அவரோ கண்ணாடியை மாட்டிக்கொண்டு, மேடையில் பேசுகிற குரலில் ஆரம்பித்தார். முந்நூற்றுச் சொச்சம் பெயர். ஒவ்வொன்றுக்கும் ஒரு உபரித் தகவல். இவருக்கு சுகர் ஜாஸ்தி, அவர் மகள் துபாயில் என்று. நான் பல்லைக் கடித்துக்கொண்டு டிக் அடித்தேன். ஓரிடத்தில் நின்றார்.

"இவரு எதுக்கு மாமா இதுல? போன ஆடியிலயே ரிட்டயர் ஆயிட்டாரே! பிரியாணி போட்டாரு, நீங்க ரெண்டு தடவ வாங்கித் துன்னீங்க."

பதிவேட்டிலும் இருந்தார், என் பட்டியலிலும் இருந்தார். வேலையில்தான் இல்லை. அப்படியே அனுப்பியிருந்தால் எனக்கு மெமோ வந்திருக்கும்.

திருத்தி, பட்டியலைக் கொடுத்து, பர்மிஷன் வாங்கியபோது மணி மூன்றே முக்கால். நிம்மதியில் எனக்குப் பேச வாய் துறுதுறுத்தது. "அந்தப் பிரியாணி அன்னிக்கு என்னா நடந்துச்சு தெரியுமா மச்சான்?" என்று ஆரம்பித்தேன். கதையில் எலும்புத் துண்டு வரை வந்திருப்பேன், அவர் எழுந்துவிட்டார்.

"மணி நாலே கால் மாமா. நீங்க கெளம்புங்க. எனக்கும் வேல கெடக்கு."

அவருக்கு வேலை கிடக்கிறதாம்! யோசித்துப் பார்த்தால், அவருடைய ஒரே நிமிஷத்தில் முக்கால்வாசி நான் பேசியதாகத்தான் இருக்கும். விட்டால் அங்கேயே நிற்பேன் என்று, தன் பைக்கிலேயே பஸ் ஸ்டாண்டில் கொண்டுவந்து இறக்கினார்.

அண்ணாமலை நகரில் இறங்கியபோது வெயில் இன்னும் மரத்து உச்சியில் இருந்தது. மனைவி ஸ்கூட்டரோடு நின்றிருந்தாள்.

"பக்கத்து செக்‌ஷன்காரரு புடிச்சிக்கிட்டாரு, இல்லன்னா இன்னும் முன்னாடியே..."

"அவரு புடிச்சாரா, நீங்க புடிச்சீங்களா?"

ஹெல்மெட்டை மாட்டிக்கொண்டேன். மூன்றாவது மரம் வரை கால் ஊன்றாமல் போனேன். திருப்பத்தான் இன்னும் வரவில்லை. இறங்கி, வண்டியைத் தள்ளித் திருப்பி, ஏறி, அவளை நோக்கி வந்தேன்.