நான் இறைத்துக் கொட்டிய தண்ணீர்

ஐந்தாம் வகுப்போடு பள்ளிக்கூடத்தை விட்டவன் நான். இன்று ஊர்காவற்றுறையில் சொந்தப் படகுப் பட்டறை வைத்திருக்கிறேன். நான் தொட்டு மிதக்காத படகு இல்லை.

ஆஸ்திரேலியாவிலிருந்து பாய்ப்படகில் வந்து, அதிலேயே குடியிருந்த புங்குடுதீவுப் பிள்ளை ஒருத்தி, "ஐயா, படகுக்கு அடியில தண்ணி ஊறுது, பாருங்கோ" என்று சொல்லிவிட்டுச் சந்தைக்குப் போனாள்.

இறைக்க இறைக்க ஊறியது. எங்கு தடவியும் ஓட்டையைக் காணவில்லை. மத்தியானம் தானாகவே நின்றுவிட்டது. எனக்கு ஒன்றும் விளங்கவில்லை. ஆனாலும் அவள் வந்ததும், "என்ர கை பட்டால் கடலும் நிக்கும், பிள்ளை" என்றேன்.

தேத்தண்ணீர் வைக்கக் குழாயைத் திறந்தாள். சொட்டும் வரவில்லை. அடியில் மிஞ்சிய ஈரத்தை விரலால் தொட்டு நாக்கில் வைத்தாள்.

"உப்பில்லை ஐயா. நாளைப் பயணத்துக்கு நிரப்பின குடிதண்ணித் தாங்கிதான் ஒழுகியிருக்கு."

எங்கள் படகுகளில் தாங்கி ஏது? உள்ளே தண்ணீர் என்றால் கடல்தான். நல்ல தண்ணீருக்குப் பவுசர் வண்டியைப் பார்த்துக் காத்திருக்கும் தீவில், அத்தனையையும் கடலில் கொட்டியிருந்தேன்.

"கடலையே நிப்பாட்டின ஐயா, தேத்தண்ணிக்கும் ஒரு வழி சொல்லுங்கோ" என்று சிரித்தாள்.

அவள் ஏன் ஏசவில்லை என்பது இன்றும் புரியவில்லை. அன்றே தாங்கியின் ஒழுக்கை அடைத்து, என் வீட்டுத் தண்ணீரைக் கான்களில் கொண்டுபோய் நிரப்பினேன். இப்போது எந்தப் படகில் தண்ணீரைக் கண்டாலும் முதலில் நாக்கில் வைத்துப் பார்க்கிறேன். யாராவது கண்டால், வாயைத் துடைப்பதுபோல் நடிக்கிறேன்.