குறை எழுதப் போனவர்

உறவுக்காரர்கள் அவரை நொட்டைக்காரர் என்றுதான் சொல்வார்கள், முகத்துக்கு நேரே அல்ல. பிஸ்கட் தொழிற்சாலையில் முப்பது வருடம் உடைந்ததையும் கருகியதையும் பொறுக்கி எடுத்த மனிதர். ஓய்வு பெற்ற பிறகாவது வாய் ஓய்ந்ததா? எங்கே! ஒரு நிறுவனம் அவரைத் தேடிப் பிடித்தது. பெரிய உணவகங்களுக்கு வாடிக்கையாளர் போலப் போய்ச் சாப்பிட வேண்டும். கண்ட குறைகளை யாருக்கும் தெரியாமல் எழுதி அனுப்ப வேண்டும். கரும்பு தின்னக் கூலி!

இந்த முறை தம்பதியாகப் போகச் சொல்லியிருந்தார்கள். அவருக்கு உள்ளுக்குள் ஒரே சந்தோஷம், வேலைக்காக அல்ல. வீட்டில் அவர் மனைவி அவருக்குப் பரிமாறிவிட்டு உள்ளறைக்குப் போய்விடுவாள். அவர் கை கழுவிய பிறகுதான் சாப்பிடுவாள். பதினாலு வருடமாக இப்படித்தான். ஒரு வேளையாவது எதிரே உட்கார்ந்து சாப்பிட மாட்டாளா என்று அவர் ஏங்கியதுண்டு. ஊர்க் குறையெல்லாம் பேசுகிற வாய்க்கு அதைக் கேட்க மட்டும் வரவில்லை பாருங்கள்!

மத்தியதரைக் கடல் நாட்டுச் சாப்பாடு. வெள்ளைச் சுவர், நீல நாற்காலி, மேசை நடுவே சின்னக் கிண்ணத்தில் ஆலிவ் எண்ணெய். சுடச்சுட வந்த ரொட்டியைப் பிய்த்து, கொண்டைக்கடலை மசியலில் தோய்த்து, கண்ணை மூடிக்கொண்டு சாப்பிட்டாள் மனைவி. அவரோ கடிகாரத்தைப் பார்த்துக்கொண்டிருந்தார். தண்ணீர் வர நான்கு நிமிடம். ஒரு முள்கரண்டியில் கறை.

சுட்ட மீனைக் கொண்டுவந்து வைத்த பெண்ணின் முழங்கை பட்டுக் கிண்ணம் கவிழ்ந்தது. எண்ணெய் முழுக்க மனைவியின் மடியில்.

"ஐயோ, மன்னிச்சிடுங்கம்மா! என் தப்புதான்!" அந்தப் பெண் பதறிப்போனாள்.

"பரவாயில்லம்மா, துவைச்சா போயிடும். நீ போய் வேலையைப் பாரு."

இவர் கைபேசியை எடுத்தார். மனைவி அதன் மேல் கையை வைத்து மூடினாள்.

"தப்புன்னு அந்தப் பொண்ணே சொல்லிட்டா. இன்னும் என்ன எழுதப்போறீங்க?"

"அதுதானே என் வேலை?"

"வீட்டுல சொன்னீங்களே, அது யாரு குடுத்த வேலை?"

"எதைச் சொல்றே?"

"எங்கண்ணன் சாப்பிட வந்தன்னிக்கு, தட்டைத் தள்ளிவிட்டு என்ன சொன்னீங்க? 'உங்க தங்கச்சி சமைச்சதை நாய்கூட மோந்து பார்க்காது'ன்னீங்க. எல்லாரும் சிரிச்சாங்க. நானும்தான் சிரிச்சேன். அன்னையிலிருந்து என் கையால சமைச்ச சோறு உங்க முன்னாடி எனக்கு இறங்கல."

அவருக்கு அது நினைவிலேயே இல்லை. இவள் பதினாலு வருடம் சுமந்ததைத் தான் அன்றைக்கே மறந்துவிட்டோமே என்று நெஞ்சு சுட்டது. இன்னொரு மேசையில் யாரோ பலமாகச் சிரித்தார்கள். அவர் கைபேசியைச் சட்டைப்பைக்குள் போட்டார்.

"என் தப்புதான்," என்றார். "மன்னிச்சிடு."

"இதைச் சொல்ல அந்தப் பொண்ணுக்கு ஒரு நிமிஷம்கூட ஆகல. உங்களுக்குப் பதினாலு வருஷம் ஆச்சு. எழுதறதா இருந்தா அதை எழுதுங்க."

சொல்லிவிட்டு அவள் எழுந்து போகவில்லை. மீன் தட்டைத் தன் பக்கம் இழுத்து, அவருக்கு எதிரிலேயே உட்கார்ந்து, நிதானமாக முள் எடுத்துச் சாப்பிட்டாள்.