சுகந்தி ரீச்சரின் இதயம்

காலைப் பிரார்த்தனைக்குப் பிள்ளைகள் வரிசையில் நின்றபோது சுகந்தியின் கணவர் ரவி போனில் அழைத்தார். "அக்கா, சுகந்தி போயிட்டா" என்றார். இதயத்தில் பொருத்தியிருந்த செயற்கை வால்வில் இரத்தம் உறைந்துவிட்டதாம். பிரார்த்தனை முடியும்வரை பிள்ளைகளிடம் சொல்ல வேண்டாம் என்றார் பள்ளி அதிபர். அவள் படிப்பித்த பிள்ளைகள் பாடி முடிக்கும்வரை அங்கேயே நின்றேன்.

வவுணதீவுப் பக்கம் ஒரு பள்ளிக்கூடத்தில் அவள் விஞ்ஞானமும் நான் தமிழும் படிப்பித்தோம். அவள் வாகரை ஊர்க்காரி. சத்தமாகச் சிரிப்பாள், அதைவிடச் சத்தமாகச் சண்டை பிடிப்பாள். அவளை அறிந்த எல்லோருக்கும் இது தெரியும். அந்தச் சண்டை எங்கிருந்து வந்தது என்பது பலருக்குத் தெரியாது.

அவள் முதற்பிள்ளையைச் சுமந்திருந்த காலம். பள்ளி விட்டு பஸ்ஸில் நகரத்துக்கு வந்துகொண்டிருந்தோம். வாவிப் பாலத்தில் ஏறும்போது என் கையை இறுகப் பிடித்தாள்.

"அக்கா, மூச்செடுக்க ஏலாம இரிக்கு."

சாய்ந்துகொள்ளச் சொன்னேன். சாய்ந்ததும் இன்னும் திணறினாள். உதடுகள் நீலமாகின. இருமியபோது வாயைப் பொத்திய லேஞ்சியில் இரத்தம் கலந்த நுரை. எதிரே நெல் மூடைகளோடு வந்த உழவு இயந்திரம் பாலத்தில் நின்றுபோயிருந்தது. நடத்துனர் இறங்கி ஓடினார். ஆட்கள் சேர்ந்து அதை ஓரமாகத் தள்ளும்வரை, அவள் அடுத்த மூச்சை எடுப்பாளா என்று மட்டுமே பார்த்துக்கொண்டிருந்தேன். பஸ் எங்கும் நிற்காமல் ஆஸ்பத்திரிக்கே போனது.

நெஞ்சைச் சோதித்த டாக்டர், ஓடிவந்த அவளுடைய அம்மாவிடம் கேட்டார்: "சின்ன வயசுல இவவுக்குக் காய்ச்சலோட மூட்டு வீங்கினதா?"

"ஓம் ஐயா. இடம்பெயர்ந்து முகாம்ல இரிக்கக்குள்ள. முதல்ல தொண்டை நோ. பிறகு முழங்கால் வீங்கி நடக்க ஏலாமக் கிடந்தாள். எண்ணெய் பூசினன், நோ மாறிட்டு, நடந்தாள்."

"மூட்டு மாறிட்டுதம்மா. இதயம் மாறல்ல."

தொண்டையில் வந்த கிருமியின் விளைவாக அந்தக் காய்ச்சல் வந்து, இதய வால்வைத் தழும்பாக்கியிருந்தது. வருடக்கணக்காக அது சுருங்கிக்கொண்டே இருந்திருக்கிறது. பிள்ளைக்கும் சேர்த்து இரத்தம் ஓட வேண்டி வந்தபோதுதான் இதயம் தாங்கவில்லை. அம்மா சுவரோடு சரிந்து உட்கார்ந்தார். சுகந்தி ஒட்சிசன் முகமூடியை விலக்கி, "அழாதீங்கம்மா. அங்க மருந்து எங்க இரிந்த?" என்றாள்.

தாயா பிள்ளையா, யார் பிழைப்பார் என்று சொல்ல முடியாத நிலை. கொழும்புக்குக் கொண்டுபோய், காலின் இரத்தக்குழாய் வழியே பலூன் செலுத்தி வால்வை விரித்தார்கள். இருவரும் பிழைத்தார்கள். சில வருடங்களின் பின் நெஞ்சைத் திறந்து செயற்கை வால்வு வைத்தார்கள்.

அதன்பிறகு, வகுப்பில் யாராவது நொண்டினால் அவள் பாடத்தை நிறுத்திவிடுவாள். ஒரு மாணவிக்குத் தொண்டை நோ மாறிச் சில வாரத்தில் கணுக்கால் வீங்கியது, பிறகு முழங்கால். தகப்பனை அழைப்பித்தாள்.

"வளர்ற பிள்ளைக்கு நோவு வரும்தானே ரீச்சர். வட்டையில நெல்லு வெட்டு நடக்கு, ஆளில்ல. முடியட்டும், டாக்டரிட்ட காட்டுறன்" என்றார் அவர்.

சுகந்தி கழுத்தடியில் சேலையைச் சற்று விலக்கி, தழும்பின் நுனியைக் காட்டினாள். "எனக்கும் முழங்கால் நோவுதான் வந்த. வெட்டு முடியட்டும் எண்டு இதயம் காத்திரிக்குமா?"

அவர் அந்தத் தழும்பையே பார்த்தார். பிறகு மகளைத் தூக்கி மோட்டார் சைக்கிளில் இருத்தி ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோனார். காய்ச்சல் இதயத்தைத் தொடத் தொடங்கியிருந்ததாம், அவ்வளவுதான். மாதாமாதம் பென்சிலின் ஊசியோடு அந்தப் பிள்ளை இன்று உயர்தர வகுப்பில் படிக்கிறாள். "எனக்குக் கிடைக்காத ஊசி அவளுக்குக் கிடைச்சிட்டு" என்று சுகந்தி ஒருநாள் சொன்னாள். அப்படியொரு சந்தோஷத்தை அவள் முகத்தில் நான் அதிகம் கண்டதில்லை.

அவளை அடக்கம் செய்த பின் நான் எடுத்த முதல் வகுப்பில் ஒரு பிள்ளை, எச்சில் விழுங்க நோகிறது என்றாள். உடம்பு சுட்டது. தாய்க்கு அழைத்தேன்.

"தொண்டை நோதானே ரீச்சர், பின்னேரம் பாப்பம்."

"இல்ல. இப்ப வாங்க."

சொன்ன பிறகுதான் கவனித்தேன், கத்தியிருக்கிறேன். சுகந்தியிடமிருந்து எனக்கு மிஞ்சியிருப்பது இந்தப் பொறுமையின்மைதான். அதை நான் விடப்போவதில்லை. தாய் வந்து சேரும்வரை அந்தப் பிள்ளையின் கையைப் பிடித்துக்கொண்டு பள்ளி வாசல் படலையில் நின்றேன்.