மடங்காத முழங்கை

என் முட்டாள்தனத்தை முதலிலேயே ஒப்புக்கொண்டுவிடுகிறேன். மனைவி முந்திக்கொண்டு சொல்வதைவிட நானே சொல்வது மரியாதை. பேஸ்போல் பந்தை ஒருமுறையேனும் தொட்டுப் பார்க்காமல், நான் டென்மார்க்கில் ஒரு பேஸ்போல் அணியின் பிட்சர், அதாவது பந்தெறிகிற முக்கியமான ஆள் என்று யாழ்ப்பாணத்திலிருந்த அவளுக்குக் கடிதம் எழுதிவிட்டேன்.

வேறு என்னத்தை எழுதுவது? பின்னாளில் தமிழர் வழக்கு என்று பெயர் பெற்ற விவகாரத்தின் ஆண்டுகள் அவை. குடும்பத்தைக் கூப்பிட அகதிகள் நாங்கள் கொடுத்த விண்ணப்பங்கள் டேனிஷ் நீதி அமைச்சின் உத்தரவால் அசையாமல் கிடந்தன. "இன்னும் பதில் இல்லை" என்று இரண்டு வருடம் எழுதி எனக்கே அலுத்துவிட்டது. அப்போதுதான் இக்காஸ்ட் என்ற ஊரில் நான் வேலை செய்த துணி ஆலையின் அறிவிப்புப் பலகையில், வரும் பருவத்துக்கு ஆட்டக்காரர் தேவை என்று ஒரு சின்ன பேஸ்போல் கழகம் தாள் ஒட்டியிருந்தது. அன்று மாலையே எயர்மெயிலில் என்னை நானே அணியில் சேர்த்துக்கொண்டேன்.

ஆறு வாரத்தில் பதில் வந்தது. "நீங்கள் கிரிக்கெட்டிலையே பதினோராவது ஆள். டென்மார்க்கில வேற ஆக்கள் இல்லையோ?" மூன்று அண்ணன்மாரோடு வளர்ந்தவள். வீட்டு வளவுக்குள் அவர்கள் ஆடிய ஆட்டத்துக்கெல்லாம் அவள்தான் அம்பயர். லேசில் ஏமாற்ற முடியாது.

அதற்குள் நான் பயிற்சிக்குப் போகத் தொடங்கியிருந்தேன். வெளியே பனி என்பதால் ஒரு விளையாட்டு மண்டபத்துக்குள் பயிற்சி. பயிற்சியாளர் அமெரிக்காவில் சில காலம் தச்சு வேலை செய்துவிட்டு வந்த தாடிக்கார டேனிஷ்காரர். பந்தைத் தந்து எறியச் சொன்னார். நான் சுவர்வரை பின்னால் போய், அங்கிருந்து ஓடிவந்து, கையை நேராகச் சுழற்றி வீசினேன். பந்து தரையில் ஒரு குத்துக் குத்தி, பிடிக்கக் குந்தியிருந்தவரின் தாடையைப் பதம் பார்த்தது.

"ஏன் ஓடுகிறாய்? ஏன் கையை மடக்கவில்லை?" என்றார் பயிற்சியாளர்.

"மடக்கினால் களவு" என்றேன். பள்ளிக்கூடக் கிரிக்கெட் நாளிலிருந்து எலும்பில் ஊறிய சட்டம் அது.

மட்டை தந்தார்கள். எப்படியோ பந்து பட்டுவிட்டது. கிரிக்கெட்டில்போல மட்டையோடு ஓடி, ஓடித் தொடவேண்டிய மூலைத் தட்டை மட்டை நுனியால் தொட்டுவிட்டுப் பெருமையாக நிமிர்ந்தேன். மண்டபமே சிரித்தது. மட்டையை எறிந்துவிட்டு ஓடவேண்டுமாம். எங்கள் ஊரில் அப்படிப் போட்டுவிட்டு ஓடினால், திரும்பி வரும்போது மட்டை இருக்குமா என்ன?

ஏப்ரலில் ஒரு நாள் வேலை முடிந்து வந்தால் கதவடியில் கடிதம். அவளுக்கு அனுமதி கிடைத்துவிட்டது. படிக்கட்டிலேயே உட்கார்ந்து மூன்று தரம் வாசித்தேன். டேனிஷ் சரியாக விளங்காததால் அல்ல, விளங்கிவிட்டதால். இரண்டு வருடமாக நெஞ்சில் கிடந்த கல்லை யாரோ தூக்கி அப்பால் வைத்ததுபோல் இருந்தது. நாலாம் தரம் வாசிக்கும்போதுதான் பக்கென்றது. ஐயோ, பிட்சர்!

பயண நாளைக் கணக்குப் பார்த்தால், அவள் வந்து இறங்கி ஐந்தாம் நாள் பருவத்தின் முதல் ஆட்டம். பயிற்சியாளரிடம் போய் உண்மையைக் கக்கினேன். மனிதர் கண்ணில் நீர் வரச் சிரித்தார். "தொடர்ந்து மூன்று பந்து நேராக எறிந்து காட்டு. பிறகு பார்க்கலாம்" என்றார்.

அன்றிலிருந்து வேலை முடிந்ததும் ஆலையின் பின்சுவரடியில் பயிற்சி. என்னோடு வேலை செய்த மன்னார்க்காரர் குளிர்க் கையுறை இரண்டை ஒன்றன்மேல் ஒன்று மாட்டிக்கொண்டு பிடிக்க நின்றார்.

"அண்ணை, எறியிறியளோ, எங்கட மாதா கோயில் சுவாமி தீர்த்தம் தெளிக்கிற மாதிரித் தெளிக்கிறியளோ?"

"முழங்கை மடங்குதில்லையடாப்பா!"

"சோறு தின்னேக்க மட்டும் நல்லா மடங்குது."

எட்டாம் நாள் மடங்கியது. பயிற்சியாளர் முன்னால் மூன்று பந்தும் நேரே போயின. அவர் பெயர்ப்பட்டியலின் அடியில் என்னையும் எழுதினார். எனக்குப் போன மூச்சு திரும்பி வந்தது.

ஆட்டத்தன்று என் குளிர்க்கோட்டு இரண்டையும் போட்டுக்கொண்டு, மடியில் தேநீர்ப் போத்தலோடு அவள் மைதான ஓரத்து மரவாங்கில் உட்கார்ந்திருந்தாள். நாங்கள் கைவிட்டுப்போகிற அளவுக்குத் தோற்றுக்கொண்டிருந்தோம். இனி இவனால் கெட ஒன்றுமில்லை என்று தெரிந்த பிறகு, கடைசி ஆளுக்கு எறியப் பயிற்சியாளர் என்னை அனுப்பினார். நான் எறிந்தேன். மூன்று பந்து. மூன்றையும் அந்த ஆள் வீசி வீசித் தவறவிட்டார். என் வேகத்தாலா, அவருக்குப் பசித்ததாலா தெரியாது. பேஸ்போலில் மூன்று தவறினால் ஆள் அவுட். எழுதியது பொய்யில்லை என்று ஆகிவிட்டது.

நெஞ்சை நிமிர்த்திக்கொண்டு வாங்கடிக்குப் போனேன்.

"என்னப்பா, எப்பிடி?"

இப்படி ஒரு கேள்விக்கு அவளிடமிருந்து பதில் வர வழக்கமாக ஆறு வாரம் ஆகும். இந்த முறை ஒரு வினாடிகூட ஆகவில்லை. போத்தல் மூடியைத் திருகிக்கொண்டே சொன்னாள்:

"நோ போல், கையை மடக்கினனீங்கள்."